கொழுக்கட்டைப்புல்லை இலை வேறு தண்டு வேறாகப் பிரித்து எரித்துப் பார்த்தோம்

தீவனப்புல் பற்றிய எந்தக் கையேட்டை எடுத்தாலும் ஓர் அட்டவணை இருக்கும். புல்லின் பெயர், பக்கத்தில் புரதம், நார், சாம்பல், கால்சியம், பாஸ்பரஸ். ஒரு புல்லுக்கு ஒரு எண், அவ்வளவுதான். காங்கயம் பக்கம் கொறங்காடு வைத்திருக்கும் என் மாமா அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, "மாடு என்ன, புல்லை வேரோட அரைச்சா குடிக்குது மாப்ள? நுனிச் சோகையக் கரும்பிட்டு நகந்துருதுங்க. இந்தக் கணக்கு யாருக்கு?" என்று கேட்டார். நான் வேலை பார்ப்பது ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில். விடுமுறையில் மஃபிள் ஃபர்னஸ் (சாம்பலாக்கும் மின் உலை) சும்மாதான் கிடக்கும். பிரித்து எரித்துப் பார்த்துவிடலாம் என்று இறங்கினோம்.

கொறங்காடு தெரியாதவர்களுக்கு: காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் மழையை மட்டும் நம்பி விட்டுவைத்திருக்கும் மேய்ச்சல் நிலம். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப்புல். சரளை கலந்த செம்மண், கொஞ்சம் தோண்டினால் சுக்கான். சுக்கான் என்பதே சுண்ணாம்பு என்பதால் கால்சியத்துக்குப் பஞ்சம் இருக்காது என்று தொடங்கும்போதே எதிர்பார்த்தோம். மண்ணில் இருப்பது புல்லின் எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்பதுதான் கேள்வி.

புல்லை இரண்டு பருவத்தில் எடுத்தோம். ஐப்பசி மழைக்குப் பிறகு கதிர் தள்ளிய பச்சைப் புல் ஒன்று, மாசி பங்குனியில் நின்றபடியே காய்ந்துபோன புல் இன்னொன்று. அரிவாளால் அறுத்தால் தூர் கிடைக்காது என்பதால் கடப்பாரையால் குத்தோடு பெயர்த்தோம். வேலி ஓரம், மரத்தடி, மாடு படுக்கும் இடம் மூன்றையும் தவிர்த்தோம். சாணமும் மூத்திரமும் விழுந்த இடத்துப் புல்லில் பொட்டாசியம் எகிறிவிடும், அதை வைத்துக் காட்டுக்கே கணக்குச் சொல்ல முடியாது.

பிரிப்பதுதான் இந்த வேலையில் பாதி. சோகை (அதாவது இலைத்தகடு), தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறை, உள்ளே இருக்கும் தண்டு, கதிர், தூர், வேர், கீழே தொங்கும் காய்ந்த சருகு என்று ஏழு குவியல். தகடும் உறையும் சேருமிடத்தில் மெல்லிய மயிர் வரிசை ஒன்று தெரியும். அந்த இடத்தில் நகத்தால் கிள்ளினால் தகடு சுத்தமாகக் கழன்று வரும். உறையை உரிப்பது அவ்வளவு சுலபமில்லை. கணுவில் இறுக்கமாகப் பிடித்திருக்கும், இழுத்தால் தண்டின் மேல்தோலும் கூடவே கிழியும். கணுவுக்குச் சற்று மேலே பிளேடால் நெடுக்காக ஒரு கீறல் போட்டுவிட்டு உரித்தால் தண்டு வழவழவென்று தனியாக வரும். மாமா வீட்டில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே உரித்ததில்தான் இது முடிந்தது. ஒற்றை ஆளாக உட்கார்ந்தால் புல் வாடிச் சுருண்டுவிடும், சுருண்ட பிறகு எது தகடு எது உறை என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

கையுறை கட்டாயம். கை வியர்வையில் இருக்கும் உப்பே சோடியம் அளவைக் கெடுத்துவிடும். கழுவுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. செம்மண் தூசி இலையில் ஒட்டியிருக்கும். கழுவாவிட்டால் இரும்பு கூடுதலாகக் காட்டும். நிறைய நேரம் ஊறவைத்தால் பொட்டாசியம் கரைந்து தண்ணீரோடு போய்விடும், அது செல்லுக்குள் எதோடும் பிணையாமல் கரைசலாகவே இருக்கிற சத்து. வாலை வடிநீரில் இரண்டு முறை சட்டென்று முக்கி எடுத்து உதறினோம், அதோடு சரி. வேரை மட்டும் எவ்வளவு அலசினாலும் மண் முழுதாகப் போகாது. அதனால் வேரின் இரும்புக் கணக்கை ஆரம்பத்திலேயே தூக்கிப் போட்டுவிட்டோம்.

70 டிகிரி அவனில் எடை குறையாத வரை காயவைத்து, பீங்கான் கல்வத்தில் இடித்தோம். மிக்ஸியில் போட்டால் நிமிடத்தில் முடியும்தான், ஆனால் எஃகு பிளேடு தேய்ந்து இரும்பும் குரோமியமும் தூளில் கலக்கும். சோகை உடனே பொடியாகிறது. முதிர்ந்த தண்டு நாராகத் திரிந்து கல்வத்தையே சுற்றிக்கொள்கிறது. கத்தரியால் கடுகளவு நறுக்கிவிட்டுத்தான் இடிக்க வேண்டியிருந்தது.

ஒவ்வொரு குவியலிலிருந்தும் 2 கிராம் எடுத்து, எடை பார்த்த பீங்கான் குரூசிபிளில் (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) போட்டோம். ஃபர்னஸ் ஆறியிருக்கும்போதே உள்ளே வைத்து மெல்லச் சூடேற்ற வேண்டும். சூடான ஃபர்னஸில் வைத்தால் தூள் பற்றிக்கொண்டு எரியும், அந்த வேகத்தில் சாம்பல் பறக்கும். 250 டிகிரி வரை கதவை லேசாகத் திறந்து புகையை விட்டுவிட்டு, அப்புறம் 550-க்கு ஏற்றி அங்கேயே விட்டோம். 600-ஐத் தாண்ட விடக்கூடாது, பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகத் தொடங்கும். கதிரும் சோகையும் முதலில் சாம்பல்நிறத்திலேயே நின்றன, நடுவில் கரிப்புள்ளிகள். சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) கரியை மூடிக்கொண்டால் காற்று உள்ளே போகாது. ஆறவைத்து, சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு, ஹாட் பிளேட்டில் உலர்த்தி மறுபடி ஏற்றியதும் வெளுத்தன. தண்டுச் சாம்பல் அப்படியில்லை, ஒரே சூட்டில் விபூதி போல வெளுத்துவிட்டது.

இடிக்காத முழு இலைத்துண்டு ஒன்றையும் ஒரு குரூசிபிளில் போட்டிருந்தேன். அளவிட அல்ல, பார்க்கத்தான். எரிந்து முடிந்த பிறகும் அது இலை வடிவிலேயே கிடந்தது. நரம்புகள் நீளவாக்கில் வரிவரியாக, ஓரத்துச் சொரசொரப்பும் அப்படியே. அதில் ஒரு சில்லை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுவிட்டு, கரையாமல் மிஞ்சியதை ஒரு சொட்டு நீரோடு கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் டம்பெல் வடிவச் சிலிக்கா கட்டைகள் நரம்பின் மேல் வரிசையாக நிற்கின்றன. தினைக் குடும்பப் புற்களுக்கு இந்த வடிவம் ஓர் அடையாளம். பழங்கால மண்ணில் என்ன புல் இருந்தது என்று சொல்கிறவர்கள் இதையெல்லாம் வைத்துத்தான் சொல்கிறார்கள். இலை ஆவியாக விடும் தண்ணீரோடு ஏறி வந்து, தண்ணீர் போன பிறகு தங்கிவிட்ட சிலிக்கா இது. போன இடத்திலிருந்து மறுபடி கரைந்து திரும்பாது. அதனால்தான் சோகையிலும் உறையிலும் கதிரின் முள்மயிரிலும் மண்டிக்கிடக்கிறது, தண்டின் உள்பகுதியில் குறைவு. புல் சிலிக்காவை வேரில் இழுக்கும் ஜீனை 2006-இல் நெல்லில் கண்டுபிடித்தார்கள். ஜப்பானின் ஜியான் ஃபெங் மா குழுவின் வேலை அது. அதே குழுவினர் 2014-இல் எழுதியது எங்கள் வேலைக்கு இன்னும் நெருக்கம்: புல் இனத்தில் கணு என்பதே ஒரு பங்கீட்டு மையம், எந்தச் சத்து இலைக்கு, எது கதிருக்கு என்று அங்கேதான் பிரிகிறது.

சாம்பலில் அமிலம் விட்டதும் சோகைச் சாம்பல் நன்றாக நுரைத்தது, தண்டுச் சாம்பல் அந்த அளவுக்கு இல்லை. இலைக்குள் கால்சியத்தில் ஒரு பங்கு ஆக்சலேட் (ஆக்சாலிக் அமிலத்தின் உப்பு) படிகமாக இருக்கும். 550 டிகிரியில் அது கார்பனேட்டாக மாறும், அமிலம் பட்டால் கார்பன்-டை-ஆக்சைடு கிளம்பும். பியூரெட்டை எடுப்பதற்கு முன்பே கால்சியம் எங்கே குவிந்திருக்கிறது என்பதற்கு இது ஒரு சாடை.

வடிகட்டி 100 மில்லிக்கு நிரப்பி வைத்துக்கொண்டோம். ஃபில்டர் தாளில் தங்கியதைத் தனியே எரித்து எடை போட்டால் கரையாச் சாம்பல். சோகையில் அது வெள்ளைப் பஞ்சு, வேரில் நறநறவென்று மணல். விரலால் நெருடினாலே வித்தியாசம் தெரியும்.

கால்சியத்துக்குப் பழைய முறையையே எடுத்தேன்: ஆக்சலேட்டாக வீழ்படியவைத்து பெர்மாங்கனேட்டில் டைட்ரேட் செய்வது, அதாவது பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு எவ்வளவு செலவாகிறது என்று அளப்பது. இ.டி.டி.ஏ. முறை வேகமானது, ஆனால் பாஸ்பேட் நிறைய இருக்கும் கதிர்க் கரைசலில் முடிவுநிறம் தடுமாறும். கரைசலைச் சூடாக்கி, அம்மோனியம் ஆக்சலேட் விட்டு, நிறங்காட்டியான மெத்தில் ரெட் மஞ்சளுக்குத் திரும்பும் வரை அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டுக் கொட்டினால் வீழ்படிவு மாவாக விழுந்து தாளைத் தாண்டிப் போகும். மெதுவாக விட்டு ஓர் இரவு வைத்தால் படிகம் பெரிதாகும். மறுநாள் வடிகட்டி, நீர்த்த அம்மோனியாவில் கழுவி, சூடான கந்தக அமிலத்தில் கரைத்து, 70 டிகிரியில் பெர்மாங்கனேட் விட்டோம். முதல் சொட்டுகளின் ஊதா மறைய மறுக்கும். கொஞ்சம் மாங்கனீசு உப்பு உருவானதும் அதுவே வினையை வேகப்படுத்திவிடும், அதன்பிறகு விழும் சொட்டெல்லாம் உடனே காணாமல் போகும். 0.02 நார்மல் பெர்மாங்கனேட் 1 மில்லிக்கு 0.4 மில்லிகிராம் கால்சியம். சோகைக்கு 25 மில்லி கரைசல் போதும். தண்டுக்கு 50 மில்லி எடுத்தோம், இல்லையென்றால் பியூரெட் ஓடும் தூரமே போதாமல் பிழை பெருகும்.

சதவீதங்களை இங்கே அடுக்கப்போவதில்லை. ஒரு காட்டின் ஒரு மழைக்காலப் புல் அது. அடுத்த காட்டுக்கு அந்த எண் பொருந்தாது. எது எதைவிடக் கூடுதல் என்ற வரிசைதான் பேச வேண்டியது. கால்சியம் சோகையில் அதிகம், தண்டில் சோகையின் பாதிகூட இல்லை, உறை இரண்டுக்கும் நடுவில். சோகையிலேயே அடி இலையில் கூடுதல், நுனியில் விரியும் இளம் இலையில் குறைவு. எல்லாவற்றிலும் மேலே நின்றது காய்ந்த சருகு. முதல் தடவை கேட்டால் இது முரணாகத் தெரியும். கால்சியம் சைலம் (வேரிலிருந்து தண்ணீர் ஏறும் குழாய்) வழியாகத் தண்ணீரோடு இலைக்கு ஏறுகிறது, ஃபுளோயம் (இலையிலிருந்து உணவு இறங்கும் குழாய்) வழியாகத் திரும்பி வருவது அரிது. இலை சாகும்போது மற்ற சத்துகளைச் செடி உருவிக்கொள்கிறது, கால்சியத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகிறது.

பாஸ்பரஸ் நேர் எதிர். பாஸ்பரஸ் இருந்தால் மஞ்சளாகும் வனடோமாலிப்டேட் கரைசல் விட்டுக் குழாய்களை வரிசையாக நிறுத்தியதும் நிற அடர்த்தியை அளக்கும் கலரிமீட்டரே தேவையில்லை என்று தோன்றியது: இளங்கதிர் அடர் மஞ்சள், நுனி இலை அதற்கடுத்து, அடி இலை வெளிர், முதிர்ந்த தண்டு இன்னும் வெளிர். சருகுக் குழாயை வெறும் ரீஏஜென்ட் குழாயோடு ஒட்டவைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரிந்தது. 420 நானோமீட்டரில் எடுத்த எண்களும் அதே வரிசைதான். வளரும் நுனிக்கும் விதைக்கும் பாஸ்பரஸை அனுப்புவது செடியின் வேலை. கதிர் முற்றினால் அது ஃபைட்டேட்டாக (விதை பாஸ்பரஸைச் சேமிக்கும் வடிவம்) விதைக்குள் போய்விடும், விதை உதிர்ந்தால் காட்டுத் தரைக்குப் போய்விடும், மாட்டு வாய்க்கு அல்ல. வேரிலும் தூரிலும் கொஞ்சம் தங்குகிறது. அடுத்த மழைக்குத் துளிர்ப்பது அந்த இருப்பை வைத்துத்தான்.

பொட்டாசியத்தை ஃப்ளேம் போட்டோமீட்டரில் (சுடரின் நிற ஒளியை வைத்து அளக்கும் கருவி) பார்த்தோம். கேஸ் அழுத்தம் ஏறி இறங்கும்போது ரீடிங்கும் ஆடும், அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும் நடுவில் ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த கரைசல்) விட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இதில் தண்டு சோகைக்குச் சளைக்கவில்லை. இளந்தண்டு சோகையைவிடக் கொஞ்சம் மேலேயே நின்றது, சாறு ஓடும் இடமெல்லாம் பொட்டாசியம் ஓடுகிறது. மாசியில் எடுத்த காய்ந்த புல்லில் பாதிக்கு மேல் காணோம். செடி உருவியது போக, பனியும் இடைமழையும் கழுவிக்கொண்டு போயிருக்கும். மக்னீசியம் சோகையில் கூடுதல், பச்சையம் இருக்கும் இடம் என்பதால் அதில் வியப்பில்லை. சோடியம் எல்லாப் பகுதியிலும் சொற்பம், வெப்பநாட்டுப் புற்கள் பலவும் அப்படித்தான், மாடு உப்புக்கட்டியை நக்குவது சும்மா இல்லை.

சரி, பகுதி பகுதியாக எண் வந்துவிட்டது. முழுப்புல்லுக்கு என்ன சொல்வது? ஒரு கற்பனைக் கணக்குப் போட்டு மாமாவுக்குக் காட்டினேன். காய்ந்த எடையில் 100 கிராம் புல், அதில் சோகை 40, தண்டு 60. சோகையில் கால்சியம் 0.5 சதவீதம், தண்டில் 0.2 என்று வைத்துக்கொள்வோம். சோகையிலிருந்து 200 மில்லிகிராம், தண்டிலிருந்து 120, மொத்தம் 320. அட்டவணையில் 0.32 என்று அச்சாகும். அதே புல் முற்றுகிறது, சோகை 25, தண்டு 75. இப்போது 125-ம் 150-ம் சேர்ந்து 275. சோகையின் சத்தும் மாறவில்லை, தண்டின் சத்தும் மாறவில்லை, பங்கு மட்டும்தான் மாறியிருக்கிறது. அட்டவணை எண் இறங்கிவிட்டது! 'புல் முற்றினால் சத்து குறையும்' என்று எல்லாரும் சொல்வதில் ஒரு பெரும்பங்கு இதுதான் என்பது என் கணிப்பு. பாஸ்பரஸில் இதற்கு மேல் ஒரு சரிவும் உண்டு, அங்கே பகுதியின் சத்தே இறங்குகிறது.

மேய்கிற மாட்டுக்கு இந்த முழுப்புல் எண் எந்த வகையிலும் பொருந்தாது. மாமாவின் காளை மேய்வதை வேலியோரம் நின்று பார்த்தோம். நாக்கைச் சுழற்றிப் பிடித்து மேல்பாதியை இழுக்கிறது. சோகையும் இளங்கதிரும் வாய்க்குள், தடித்த தண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. அது உண்பது 320-ம் இல்லை 275-ம் இல்லை, சோகைக் கணக்குக்குப் பக்கத்தில் எங்கோ. அதே புல்லை அறுத்துத் தட்டு வெட்டும் மெஷினில் விட்டு ஒரு விரற்கடையாக நறுக்கிப் போட்டால் தேர்ந்தெடுக்க வழியே கிடையாது, அப்போது அட்டவணை எண் ஓரளவு பொருந்தும். மெஷினைக் குறை சொல்லவில்லை. கட்டுத்தறி மாட்டுக்கு அது மிச்சம், புல் வீணாகாது. ஆனால் மேய்ச்சல் மாட்டுக்கும் தறி மாட்டுக்கும் ஒரே அட்டவணையைக் காட்டித் தாது உப்புக் கணக்குச் சொல்வதை நான் இனி ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கோடையில் நிலைமை வேறு. நுனித்துளிர் இல்லை, கதிர் உதிர்ந்தாயிற்று, மிஞ்சியது சருகும் தண்டும். சருகில் கால்சியமும் சிலிக்காவும் நிறைய, பாஸ்பரஸ் இல்லவே இல்லை என்று சொல்லும் நிலை. மாமா உடனே பிடித்துக்கொண்டார்: "அப்ப மாசி பங்குனியில மாடு எலும்பையும் பழந்துணியையும் தேடிப் போறது இதுனாலதானுங்களா?" பெரும்பாலும் அதுதான். தென்னாப்பிரிக்காவில் ஆர்னால்டு தைலர் என்ற கால்நடை மருத்துவர் நூறாண்டுக்கு முன்பு இதைத்தான் துப்புத் துலக்கினார். பாஸ்பரஸ் இல்லாத மேய்ச்சலில் மாடுகள் செத்த விலங்கின் எலும்பைக் கடித்தன, அழுகிய எலும்பிலிருந்த நச்சு அவற்றை முடக்கிக் கொன்றது. எலும்புத்தூளைத் தீவனமாகக் கொடுத்ததும் எலும்பு தேடுவது நின்றது. கொறங்காட்டில் வெள்வேலங்காய் கோடையில் உதிர்வது பெரிய துணை, விதையுள்ள காயில் பாஸ்பரஸும் புரதமும் உண்டு. அது போதாத காட்டுக்குத் தாது உப்புக் கலவை வாங்கும்போது மூட்டையில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். சுக்கான் மண்காரர்கள் வெறும் சுண்ணாம்புத்தூளுக்குக் காசு கொடுப்பது தண்டம்.

இன்னொரு விஷயமும் பார்த்தோம். எரிக்காத தூளை வெந்நீரில் ஒரு பங்கும், அமிலத்தில் ஒரு பங்கும் வடித்து ஆக்சலேட் அளவிட்டால், கரையும் ஆக்சலேட் எவ்வளவு, கால்சியத்தோடு பிணைந்தது எவ்வளவு என்று தெரியும். இரண்டுமே தண்டைவிடச் சோகையில் கூடுதல். ஆகவே சோகையின் கால்சியம் முழுவதும் மாட்டுக்குச் சேரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மாட்டுக்கு இரைப்பை நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துக் கொடுக்கும், பழகிய மாடாக இருந்தால் தொல்லை இல்லை. குதிரைக்கு அந்த வசதி கிடையாது. இதே கொழுக்கட்டைப்புல் ஆஸ்திரேலியாவில் பஃபெல் என்ற பெயரில் பரவிக்கிடக்கிறது, ஒட்டகச் சேணத்துக்குள் திணித்த புல்லிலிருந்து பரவியதாக அங்கே சொல்வார்கள். அந்த மேய்ச்சலிலேயே கட்டுண்ட குதிரைகளுக்குக் கால்சியம் பற்றாமல் முகத்து எலும்பு உப்பிப்போகும் நோய் அங்கே நன்கு தெரிந்தது. எங்கள் பக்கம் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் மட்டுமே போடுகிறவர்களுக்கும் ஆக்சலேட் கவலை உண்டு, யூரியா கொட்டி இளசாக அறுத்தால் இன்னும் கூடுதல். காய்ந்த சோளத்தட்டைக் கலந்து போடுவது நல்லது.

துத்தநாகமும் தாமிரமும் எங்கள் ஆய்வகக் கருவிக்கு எட்டாத அளவு. அதற்கு மிக நுண்ணிய அளவையும் காட்டும் அட்டாமிக் அப்சார்ப்ஷன் கருவி வேண்டும். கரைசல்களைக் கண்ணாடியில் வைக்காமல், அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் குப்பிகளில் ஊற்றிப் பகுதி பெயர் எழுதி வைத்திருக்கிறேன். கருவி உள்ள நண்பர் ஒருவர் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஐப்பசியில் கணுவை இடைக்கணுவிலிருந்து தனியாக நறுக்கி எடுப்பதாகத் திட்டம். அதற்கு மட்டும் இன்னும் கூர்மையான பிளேடும், உரிக்க இன்னும் சில கைகளும் வேண்டும்.